ஒதுக்கி வைத்த இடம்

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் அறிவுமதி சொன்ன ஒரு வார்த்தை ஐப்பசி பிறந்தும் ஆறவில்லை.

புதுமாப்பிள்ளையான தம்பி வளவன் சம்பந்தி வீட்டாரோடு புளிச்சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். "மாப்பிள்ளைக்கு வேலையெல்லாம் எப்படி?" என்று அவன் மாமனார் ஒரு பேச்சுக்குக் கேட்டார். "நான் ஜெரால்டுகிட்ட சிபாரிசு பண்ணினேன், எடுத்துக்கிட்டாங்க. இல்லன்னா இன்னும் ஊரச் சுத்திக்கிட்டுதான் இருப்பான்" என்று அக்காக்காரி முந்திக்கொண்டு பதில் சொன்னாள். சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. இருவருக்கும் ஒரே கம்பெனி. தஞ்சாவூரில் ஒரு மாடியில் ஜெரால்ட் நடத்துவது. அவள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள், அவன் ஆபீசுக்குப் போவான். பேச வேண்டியதை அவன் மனைவி செந்தாமரை இரண்டு பக்கமும் சுமந்தாள். 'அங்க சொல்லிடு' என்பான் அவன். 'அவன்கிட்ட சொல்லு' என்பாள் இவள். கல்யாணமாகி வந்த கையோடு அந்தப் பெண்ணுக்குத் தபால்காரர் உத்தியோகம் கிடைத்திருந்தது.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அறிவுமதியின் மகள் நிறைமதிக்குத் திருவிடைமருதூர் கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு அறிவுமதியும் கணவன் நெடுமாறனும் தம்பி வீட்டுக்குப் போய் அழைத்தார்கள். மாமன் அப்போது தற்செயலாக வீட்டில் இல்லை. செந்தாமரைதான் தட்டை வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவனிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

நிலவரம் இதுதான். வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தது.

*

காலையில் முதல் போன் அப்பாவிடமிருந்து வந்தது.

"ஏம்மா, நாளைக்கு நம்ம நெல்லதான் மெஷின்ல மொதல்ல கொட்டப் போறாங்களாம். வளவன் சொன்னான்" என்றார் கோவிந்தராசு.

"தெரியும்ப்பா."

"மழ விட்டு விட்டு அடிக்குது. ஈரம் ஜாஸ்தின்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். இனியும் வச்சா மொளச்சிரும். மெஷினு ஒழுங்கா ஓடும்ல?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"நீதான் பாக்குறியா? அப்ப சரி." போனை வைக்காமல், "அவன்கிட்ட பேசுனியா?" என்றார்.

"வேலை இருக்குப்பா" என்று வைத்துவிட்டாள்.

வேலை இருந்தது உண்மைதான். ஜெரால்டின் கம்பெனி நெல் உலர்த்தும் மெஷின் ஒன்றைச் செய்திருந்தது. நாளைக் காலை பாபநாசம் பக்கத்தில் ஒரு களத்தில் அதற்கு வெள்ளோட்டம். மெஷினுக்குள் ஈரத்தையும் சூட்டையும் அளக்கச் சின்னதாக ஒரு போர்டு இருக்கிறது; வெளியிலிருந்து வாங்கியது. அது அளந்ததைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு வரிசையாக எழுதிவிட்டுப் போகும். முதல் கட்டத்தில் ஈரம், அடுத்ததில் சூடு, அப்புறம் காற்றாடியின் வேகம். அந்த வரிசையைப் படித்து, நெல் காய்ந்தால் பர்னரை அணைக்கச் சொல்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவன் வளவன்.

அதைப் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் அறிவுமதி. அவள் சரி சொல்லாமல், சோதனைக்குத் தவிர எதுவும் மெஷினில் ஏறாது. ஜெரால்ட் வைத்த சட்டம் அது. வைத்ததற்காக அவனே பலமுறை வருந்தியிருக்கிறான். அவள் சொல்லுகிற குற்றம் குறைகளும் எழுதியவன் சொல்லுகிற பதிலும் ஆபீசில் எல்லாரும் பார்க்கிற பொதுப் பக்கத்தில்தான் பதிவாகும்.

படிக்க உட்கார்ந்தாள். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. நினைவகத்தில் எதை எங்கே வைப்பது என்று யோசித்து வைத்திருந்தான். பெரிய எண்கள் முதலில், சின்ன எண்கள் பின்னால். லாரியில் மூட்டை அடுக்குகிறவர்களுக்குத் தெரியும், பெரியதை முதலில் போட்டால்தான் இடுக்கு விழாது. 'பரவாயில்லையே' என்று அவள் வாய்விட்டே சொன்னாள். வீட்டில் யாரும் இல்லாததால் சொன்னாள்.

கடைசியில்தான் கண் நின்றது.

போர்டு எழுதுகிற வரிசையின் முடிவில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். போர்டு செய்தவர்கள் கொடுத்த குறிப்பில், இவை ஒதுக்கி வைக்கப்பட்டவை, எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. வளவன் அதில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தான். நெல் காய்ந்ததும் 'பர்னரை அணை' என்கிற உத்தரவை அங்கே குறித்து வைத்திருந்தான். பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம்: 'வீணாகக் கிடந்த இடம்.'

அறிவுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அப்பாவின் கை.

கோவிந்தராசுவின் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர். ஒரு சாண் மண் அவர் பேரில் இருந்ததில்லை. கோவிந்தராசு நிலம் வாங்கிய நாள் முதல் அதில் ஓர் அடியைச் சும்மா விட்டதில்லை. வரப்பில் உளுந்து ஊன்றுவார். வாய்க்கால் ஓரம் வெண்டை போடுவார். மோட்டார் கொட்டகைக் கூரையில் அவரை ஏறும். 'காலியா கெடந்தா கண்ண உறுத்துது' என்பார். அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்கு நினைவகத்தில் காலியாக ஒரு கட்டம் கிடந்தால் கை சும்மா இருக்குமா? வேறு எவன் எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு நேர்ந்திருக்காது.

சிரித்து முடித்ததும் அவளுக்கு வேறு யோசனை வந்தது. அந்த இடம் போர்டின் வயல். அதன் வரப்பில் நாம் ஊன்றியதை அது ஏன் விட்டு வைக்க வேண்டும்?

அவளிடமும் சோதனைக்கு ஒரு போர்டு உண்டு. பர்னருக்குப் பதிலாக அதில் ஒரு சிவப்பு பல்பு. எவர்சில்வர் டம்ளரில் ஈர நெல்லைப் போட்டு ஈரம் அளக்கும் கம்பியைச் செருகினாள். பல்பு எரிந்தது. டம்ளரைக் காய்ந்த நெல்லுக்கு மாற்றினாள். பல்பு அணைந்தது. வளவன் ஆபீசில் பார்த்தது இவ்வளவுதான். பிறகு போர்டின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள்.

பல்பு எரிந்தது. நெல் காய்ந்துதான் இருந்தது.

கரண்ட் போய் வந்தால் போர்டு தூங்கி எழுந்த மாதிரி தன் வரிசை முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத ஆரம்பிக்கிறது. துடைக்கும்போது வளவனின் உத்தரவும் போய்விடுகிறது. ஈர நெல் காய்ந்ததாக மாறும்போது மட்டும்தான் உத்தரவு பிறக்கும்; ஏற்கெனவே காய்ந்த நெல் இன்னொரு தடவை காயப் போவதில்லை என்பதால், உத்தரவு மறுபடி பிறக்க வழியில்லை. பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். ஆபீசில் யு.பி.எஸ். இருக்கிறது, அங்கே கரண்ட் போனது போர்டுக்குத் தெரியாது. களத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் பேட்டரி, போர்டுக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் மழைக்காலத்துக் கரண்ட் எப்படிப்பட்டது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நெல் கருகினால் ஒரு போகம் போயிற்று. தீப்பிடித்தால் அதோடு நிற்காது. பக்கத்தில் அப்பா நிற்பார்.

*

ஊரறியச் சொல்லாமல் இதை முடிக்க முடியுமா என்று பார்த்தாள். அவள் செய்யக்கூடிய காரியம்தான், ஆனால் அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். வளவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். கட் செய்தான்.

செந்தாமரைக்குப் போட்டாள்.

"அண்ணி, சொல்லுங்க."

"அவன் எங்க?"

"காலையிலயே களத்துக்குப் போயிட்டாங்க அண்ணி. மெஷின் மாட்டுற வேலை."

"என் போன எடுக்கச் சொல்லு. ஆபீஸ் விஷயம்தான், சொந்த விஷயம் இல்லன்னு சொல்லு."

கொஞ்ச நேரத்தில் செந்தாமரையே கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. "ஆபீஸ் விஷயம்னா ஆபீஸ் பக்கத்துல எழுதச் சொல்றாங்க அண்ணி."

"அவனே சொன்னானா?"

"ஆமாண்ணி. நான் எவ்வளவோ சொன்னேன்."

"சரி. எழுதிட வேண்டியதுதான்."

எழுதினாள். ஆபீஸ் ஆங்கிலத்தில், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லாமல். அணைக்கும் உத்தரவை ஒதுக்கிய இடத்தில் வைத்திருப்பது தவறு. கரண்ட் போய் வந்தால் அழிகிறது. பர்னர் மறுபடி எரிகிறது. நமக்கு வேண்டியதை நமக்கென்று தனி வரிசையில் வைக்கவும். இப்படியே ஏற்றக் கூடாது.

அடித்து முடித்து, ஒருமுறை படித்துவிட்டு, 'நிராகரிப்பு' என்பதை அழுத்தினாள்.

பதில் உடனே வந்தது. ஆடிக்குப் பிறகு தம்பி அவளுக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள்.

'அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் ஒரே மடக்கில் படித்துவிடலாம். வேகம்.'

அவள் எழுதினாள்: 'காலி இல்லை. ஒதுக்கி வைத்தது. இரண்டும் ஒன்றல்ல. நெல் காயப் பொழுது முழுக்க ஆகும். கண்ணிமைக்கிற நேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?'

'ஆபீசில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.'

'களத்தில் மெயினை அணைத்துப் போட்டுப் பார்க்கவும்.'

இதற்குப் பதில் வந்தது. 'ரிவ்யூவர் அவர்களின் சிபாரிசுக்கு மிக்க நன்றி.'

ஆபீசில் எல்லாரும் அதைப் படித்திருப்பார்கள். மரியாதையான பையன் என்று நினைத்திருப்பார்கள். சிபாரிசு என்ற வார்த்தை எந்த ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி வருகிறது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அறிவுமதிக்கு முகம் சூடாகிவிட்டது. கண்ணில் நீர் வந்தது. அதை அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். நெடுமாறனுக்குப் போன் போட்டாள். அவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சாப்பாட்டு இடைவேளை என்பதால் எடுத்தார்.

"சதீஷுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"ஞாயித்துக்கிழமை அவன் மடியிலதான் புள்ளைய உக்கார வைக்கப் போறோம்னு."

சதீஷ் அவளுடைய சித்தப்பா மகன். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி. சித்தப்பா மகனும் முறைக்குத் தாய்மாமன்தான். யாரும் தப்புச் சொல்ல முடியாது.

"கொஞ்சம் பொறு அறிவு. இன்னும் நாள் இருக்குல்ல? வளவன் ஒண்ணும் வரலன்னு சொல்லலையே."

"வர்றேன்னும் சொல்லல. புள்ளைய அந்தரத்துலயா உக்கார வைக்க முடியும்?"

"கூடப்பொறந்தவன் இருக்கிறப்ப..."

"நீங்க பேசுறீங்களா, நான் பேசவா?"

நெடுமாறன் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் ஒரே மாதிரிதான் முடிவெடுத்து வந்திருக்கிறார்.

*

மதியத்துக்கு மேல் ஜெரால்ட் கூப்பிட்டான். கல்லூரியில் கூடப் படித்தவன். நயமாகப் பேசினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன அறிவு, சாப்பிட்டியா?"

"விஷயத்துக்கு வா."

"நாளைக்கு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. பந்தல் போட்டாச்சு. இந்த ஒரு தடவை ஏத்திட்டு, திங்கக்கிழமை மாத்திக்கலாமே? கரண்ட் போகாம நான் ஜெனரேட்டர் வச்சுக்கிறேன்."

"ஜெனரேட்டருக்கு மாறுறப்ப நடுவுல கரண்ட் போகும் ஜெரால்ட்."

ஜெரால்ட் வேறு வழியில் வந்தான்.

"உங்க அப்பா நெல்லுன்னு பயப்படுறியா?"

"யாரு நெல்லா இருந்தாலும் இதான் பதில்."

"தம்பிய இப்படி எல்லார் முன்னாடியும்..."

"அவன்தான் அங்க எழுதச் சொன்னான்" என்றாள். சொன்ன பிறகுதான் அது சின்னப் பிள்ளை பதில் மாதிரி இருப்பது அவளுக்கே தெரிந்தது.

நிறைமதி பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி வந்தாள். ஷூவைக் கழற்றும்போதே ஒரு சந்தேகம் வைத்திருந்தாள்.

"அம்மா, மாமா மடியில உக்காந்தா ஊசி வலிக்காதாம். அப்பா சொன்னாங்க."

"ஆமா, வலிக்காது."

"வளவன் மாமா மடி மெத்துன்னு இருக்கும்."

அறிவுமதி பாலில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். ஏற்கெனவே போட்ட சர்க்கரை. பிள்ளை அதையும் குடித்தாள்.

*

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் பொதுப் பக்கத்தில் வளவன் பெயர் மறுபடி வந்தது. சதீஷ் நினைப்பிலேயே இருந்த அறிவுமதி இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் அதைத் திறந்தாள்.

'களத்தில் மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பர்னர் மறுபடி எரிந்தது. பக்கத்தில் நின்றவர் கை சுட்டிருக்கும், நல்லவேளை விலகினார். தவறு என்னுடையது. மாற்றியிருக்கிறேன்.'

அவ்வளவுதான். சாக்கு இல்லை, ஆனால் இல்லை, இருந்தாலும் இல்லை. தன்னால் இப்படி எழுதியிருக்க முடியுமா என்று அவள் யோசித்தாள். முடியாது என்று தோன்றியது.

மாற்றியதைப் படித்தாள். போர்டின் வரிசையில் இப்போது அவன் கை படவில்லை. உத்தரவு அதற்கென்று தனி வரிசையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விட்டிருந்தான். ஒதுக்கிய கட்டங்களுக்குப் பக்கத்தில் விளக்கத்தையும் மாற்றியிருந்தான்: 'இது காலி இல்லை. ஒதுக்கி வைத்தது. யாரும் கை வைக்க வேண்டாம்.'

டம்ளர் நெல்லை எடுத்தாள். ஈரம், பல்பு எரிந்தது. காய்ந்தது, அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். அணைந்தே இருந்தது. திருப்தியில்லாமல் இன்னும் பலமுறை பிடுங்கிச் செருகினாள். அணைந்தேதான் இருந்தது.

'சரி' என்று அழுத்தினாள். அத்தோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'அடுக்கிய விதம் நன்றாக இருக்கிறது. காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.'

அதையும் ஆபீஸ் முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும் என்றுதான் எழுதினாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "நெல்லக் கொண்டாங்கப்பா" என்றாள். மனசு லேசாக இருந்தது.

நெடுமாறன் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் அடித்தது. கார் நிறையத் தட்டுகளோடு சதீஷ் வந்து இறங்கினான். தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை, பழம், தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. தனக்கும் ஜரிகைக் கரை வேட்டி எடுத்திருந்தான்.

"அக்கா! மாமா மதியம் சொன்னதுலேர்ந்து எனக்குக் கால் தரையில பாவல. கூடப்பொறந்த பொண்ணு இல்லாதவன் நான், எனக்கு யாரு இந்த மடிய குடுப்பா? மண்டியில எல்லாருக்கும் சொல்லிட்டேன். அம்மா அழுதே போச்சு. இந்தா பாரு, தோடு. பாப்பா மூஞ்சிக்கு எடுப்பா இருக்குமா?"

"இருக்கும்டா" என்றாள் அறிவுமதி. "உள்ள வா."

அவள் கையில் போன் அதிர்ந்தது. பொதுப் பக்கத்தில், அவளுடைய வரிக்கு அடியில், ஆபீஸ் ஆங்கிலங்களுக்கு நடுவே தமிழில் ஒரு வரி விழுந்திருந்தது. ஜெரால்டிலிருந்து கடைசிப் பையன் வரை எல்லார் கண்ணிலும் படும்படியாக.

'அக்கா, ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு வரணும்? தோடு வாங்கிட்டேன்.'

நெடுமாறன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். கூடத்தில் சதீஷ் வேட்டியை மடித்துக் கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிறைமதியை மடியில் ஏற்றி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுன்னு சொன்னேனே அறிவு" என்றார் அவர், சதீஷ் காதில் விழாமல். "ஏன் அவசரப்பட்ட?"

"நான் என்ன பண்றது? காலியாத்தானே கெடந்துச்சு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தம்பியின் கேள்வி பதிலுக்குக் காத்திருந்தது. கூடத்திலிருந்து நிறைமதியின் குரல் கேட்டது.

"இது வளவன் மாமா மடி இல்லையே."